கழுவும் வீடா, துடைக்கும் வீடா? சமையலறைத் தரை, அலமாரி, மேசை: எதை முதலில் முடிவு செய்வது

வெள்ளிக்கிழமை காலையில் என் மாமியார் சமையலறைத் தரையில் வாளியைக் கவிழ்ப்பார். இரண்டு வாளித் தண்ணீர், ஒரு கைப்பிடி சோப்புத்தூள், ஈர்க்கு விளக்குமாறு. அரை மணி நேரத்தில் தரை பளிச்சென்று ஆகிவிடும். அவர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். துடைத்தாலும் தரை சுத்தமாகும் என்பதை இன்றுவரை அவர் ஒப்புக்கொண்டதில்லை.

பினாங்கு, குளுகோரில் இருக்கும் எங்கள் தரைவீட்டுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் புதிய அலமாரி போட்டபோது, இந்த வெள்ளிக்கிழமையை யாருமே கணக்கில் சேர்க்கவில்லை. காட்சியறையில் வெளிர் மர நிறம் அழகாக இருந்தது. அன்றே முன்பணம் கட்டிவிட்டோம். ஓராண்டுக்குள் அலமாரியின் அடியை மூடும் கால்பலகை காப்பியில் முக்கிய பிஸ்கட்டைப்போல உப்பியது. அடுத்த ஆண்டு, கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த கதவின் விளிம்பு பிரிந்து வந்தது. விற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைக்குத் தண்ணீர் ஆகாது என்று அவர் சொல்லத்தான் செய்தார். எங்கள் வீட்டில் தரையை எப்படிச் சுத்தம் செய்கிறோம் என்று மட்டும் அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு மறுபடியும் சமையலறையைப் புதுப்பிக்க முடிவு செய்தோம். மூன்று பேரிடம் விலைப்பட்டியல் வாங்கினோம். அதே வாரத்தில் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு வாங்கிய என் தம்பியும் இதே வேலையில் இறங்கியிருந்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே முடிவு பொருந்தும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தோம். பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொன்னால் வேறு சிலருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

எங்களுக்கு வந்த மூன்று யோசனைகள் இவை. முதலாவது, காட்சியறைத் தொகுப்பு: மர வடிவம் பதித்த எஸ்.பி.சி. என்னும் கல்தூள்-பிளாஸ்டிக் தரைப்பலகை, அதே நிறத்தில் மெலமைன் தாள் ஒட்டிய மரத்தூள் பலகை அலமாரி, கூடவே நால்வர் உட்காரும் மேசை நாற்காலி. இரண்டாவது, முழுக்க அலுமினிய அலமாரி, தரைக்குப் பளபளக்கும் வெள்ளைப் போர்சலின் ஓடு, ஒவ்வொன்றும் இரண்டடிக்கு நான்கடி. மூன்றாவதைக் கொடுத்தவர் கட்டட வேலை எடுத்துச் செய்யும் வயதான ஒரு குத்தகையாளர். மங்கலான மேற்பரப்புள்ள இரண்டடிக்கு இரண்டடி ஓடு, அலமாரிக்குக் கீழே நான்கங்குல கான்கிரீட் மேடை, கீழ்வரிசை அலுமினியம், மேல்வரிசை ஒட்டுப்பலகை (பிளைவுட்). மேசையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

மூவரில் முதலாமவர் நிறத்திலிருந்து தொடங்கினார். இரண்டாமவர் அலமாரியிலிருந்து. மூன்றாமவர் வந்ததும் வராததுமாகக் குனிந்து, வடிகுழி எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அவர் பக்கம் என் மனம் சாய்ந்தது அப்போதே என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மற்ற இரண்டையும் சும்மா தள்ளிவிடவில்லை.

தரை

தரையில் தொடங்குவதற்குக் காரணம் எளிது. அலமாரிக் கதவு பிடிக்கவில்லை என்றால் கதவை மட்டும் மாற்றலாம். நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். தரையை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் நிற்கும் அத்தனையும் வெளியே போக வேண்டும்.

நம் ஊர்த் தரைவீடுகளில் பெரும்பாலும் இரண்டு சமையலறை உண்டு. பின்னால் மீன் பொரிக்கவும் சம்பல் வதக்கவும் ஈரச் சமையலறை. முன்னால் காப்பி கலக்கவும் ரொட்டி வாட்டவும் உலர் சமையலறை. எங்கள் வீட்டில் ஈரப்பகுதி 14 அடி நீளம், 10 அடி அகலம். இரண்டுக்கும் நடுவே ஓரங்குல உயரத்துக்கு ஒரு சின்னப் படி. அந்தப் படியின் அருமை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எஸ்.பி.சி. என்பது சுண்ணாம்புக்கல் தூளையும் பி.வி.சி. பிசினையும் சேர்த்து அழுத்திய பலகை. கனம் நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர். தண்ணீர் பட்டால் பலகை உப்பாது, அது உண்மை. 'நீர்புகாத் தரை' என்று காட்சியறையில் எழுதி வைத்திருப்பதும் பொய்யில்லை. ஆனால் இந்தப் பலகைகளைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. ஒன்றோடொன்று கோத்துத் தரைமேல் மிதக்கவிடுகிறார்கள். வெயிலுக்கு விரிய இடம் வேண்டுமென்று சுவரோரமாக ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதை மரச்சட்டத்தால் மூடுகிறார்கள். வாளித் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக அடியில் இறங்கிவிட்டால் வெளியே வர வழியில்லை. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் ஊரில், பலகைக்கு அடியில் தேங்கிய நீர் எப்போது காயும்? பலகைக்கு ஒன்றும் ஆகாது. அடியிலிருந்து வாடைதான் கிளம்பும்.

அதற்கு வேறு இரண்டு குணங்களும் உண்டு. மிதக்கும் தரைமேல் கனமான நிலையான அலமாரியை இறக்கி வைத்தால் அந்தப் பக்கம் பலகை நகர முடியாமல் இறுகிவிடும். விரிவு முழுவதும் மறுபக்கம் சேர்ந்து மேடு தட்டும். அதனால் அலமாரியை முதலில் நிறுத்திவிட்டு, கால்பலகை வரைக்கும்தான் எஸ்.பி.சி. போட வேண்டும். அடுத்தது ரப்பர். ரப்பர் அடிப்பாகமுள்ள கால்மிதி நாள்பட அதன்மேல் கிடந்தால் மஞ்சளாகக் கறை படியும், எடுக்கவே முடியாது. நாற்காலிக் காலுக்கு ரப்பர் தொப்பிக்குப் பதிலாகக் கம்பளித் துண்டு ஒட்ட வேண்டும். மேசை வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

மரநார்ப் பலகையை அடிப்படையாகக் கொண்ட லேமினேட் தரையை ஈரச் சமையலறைக்கு யோசிக்கவே வேண்டாம். அடுத்ததற்குப் போகலாம்.

போர்சலின் ஓடு என்று சொல்வதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது: அதன் எடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சக் கூடாது. சுவருக்கு ஒட்டும் சாதாரணப் பீங்கான் ஓடு 10 விழுக்காட்டுக்கும் மேல் உறிஞ்சும். கடையில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும், ஆகையால் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். வழுக்கும் தன்மைக்கும் ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரவரிசை உண்டு. எண்ணெய் பூசிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டுச் சோதித்துக் கொடுக்கும் எண் அது. சமையலறைக்கு ஆர் 10 போதும். பின்வாசலில் துணி துவைக்கும் இடத்துக்கு ஆர் 11. எண் ஏற ஏற மேற்பரப்பு சொரசொரக்கும், அழுக்கும் பிடித்துக்கொள்ளும். இரண்டாமவர் காட்டிய பளபள வெள்ளை ஓடு படத்துக்கு அழகு. எழுபது வயதுக்காரர் சோப்புத் தண்ணீரில் நிற்கும் தரைக்கு அது ஆகாது.

பெரிய ஓடாகப் போட்டால் இணைப்பு குறையும், கறை படியும் கோடும் குறையும் என்று இரண்டாமவர் சொன்னது சரிதான். மஞ்சள்தூள் பட்ட சிமெண்டு இணைப்பை எத்தனை முறை தேய்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் கழுவும் தரைக்குச் சாய்வு வேண்டும்: நூறு அடிக்கு ஓரடி, அல்லது எண்பதுக்கு ஓரடி. வடிகுழி மூலையில் இருந்தால் தரை இரண்டு பக்கமிருந்தும் அதை நோக்கிச் சாய வேண்டும். நான்கடி நீள ஓடு இரண்டு பக்கமும் வளையாது. வெட்டித்தான் போட வேண்டும். இரண்டடிச் சதுர ஓடு இணங்கிப் போகும். இணைப்புக்குச் சிமெண்டுக்குப் பதிலாக எபோக்சிப் பிசின் கலவை போட்டால் மஞ்சள் இறங்காது. கூலி கூடும், சமையலறை அளவுக்கு மட்டும் போட்டால் கையைக் கடிக்காது.

எங்கள் 140 சதுர அடிக்கு, ஓர் ஓடு நான்கு சதுர அடி என்று வைத்தால் 35 ஓடு. வெட்டிலும் உடைவிலும் போவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 39. பெட்டிக்கு நான்கு என்று வருவதால் 10 பெட்டி. நாங்கள் 11 வாங்கினோம். அடுத்த முறை அதே எண்ணுள்ள ஓட்டைக் கேட்டாலும் வேறு சூளையில் வந்தது நிறம் பேதமாக இருக்கும். மிச்சப் பெட்டி இப்போது படிக்கட்டுக்குக் கீழே கிடக்கிறது.

பழைய ஓட்டை உடைப்பதா, அதன் மேலேயே ஒட்டுவதா? இதில்தான் நாங்கள் அதிகம் தடுமாறினோம். மேலே ஒட்டினால் தூசியில்லை, குப்பை லாரி இல்லை, நான்கு நாள் மிச்சம். முதலில் ஒரு நாணயத்தை எடுத்துப் பழைய ஓடுகளைத் தட்டிப் பார்த்தேன். அங்கங்கே டொக் டொக் என்று வெற்றொலி கேட்டது. அடியில் பிடிப்பு விட்டுப்போன ஓட்டின்மேல் புது ஓடு ஒட்டினால், ஒருநாள் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். அதைவிடப் பெரிய சிக்கல் அந்தப் படி. புது ஓடும் பசையுமாகத் தரை முக்கால் அங்குலம் உயர்ந்துவிடும். ஓரங்குலப் படியில் மிஞ்சுவது கால் அங்குலம். வெள்ளிக்கிழமைத் தண்ணீர் நேரே கூடத்துக்கு வரும். உடைக்கத்தான் வேண்டும் என்று முடிவானது.

பூவேலைச் சிமெண்டு ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் அவற்றைப் பார்த்து மயங்காதவர் இல்லை. நகரம் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு அந்த வடிவங்களுக்கு மோகம் இன்னும் கூடிவிட்டது. அசல் சிமெண்டு ஓடு நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் உடைத்துவிடாதீர்கள். புதிதாகப் போடுவதென்றால் அதே பூ வடிவம் அச்சிட்ட போர்சலின் ஓட்டை உலர் பகுதியில் போடலாம். அப்போது அலமாரி ஒற்றை நிறத்தில் அடக்கமாக இருக்கட்டும். பூவுக்கு எதிரில் மரக்கோடு நின்றால் கண் எங்கே தங்குவதென்று தெரியாமல் தவிக்கும்.

அலமாரி

மெலமைன் ஒட்டிய மரத்தூள் பலகை மலிவு, நேர்த்தி, நிறம் நூறு. நீர் அதன் முகத்தில் பட்டால் வழிந்துவிடும். விளிம்பில்தான் உயிர்நிலை. விளிம்புப்பட்டையை ஒட்டும் பசை விட்டால் உள்ளே நீர் ஏறும். ஏறினால் பலகை உப்பும். உப்பியது திரும்ப அடங்காது. துடைக்கும் வீட்டில், கழுவுதொட்டியிலிருந்து தள்ளி, இது பத்தாண்டுகளுக்கு மேலும் நிற்கும். பலகைப் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் வெளியீட்டுத் தரத்தையும் வாங்குகிறவர் கேட்க வேண்டும். இ 1 என்பது அடிப்படை. இ 0 கிடைத்தால் நல்லது. திறந்ததும் கண் எரியும் புது அலமாரி வாசனை அதிலிருந்துதான் வருகிறது.

ஒட்டுப்பலகை திருகாணியை இறுக்கிப் பிடிக்கும். கொஞ்சம் நனைந்தாலும் காய்ந்து பழைய நிலைக்கு வரும். ஆனால் கரையானுக்கு அது சீனி. தரைவீட்டில் கரையான் மண்ணிலிருந்து சுவர் வழியாக ஏறி வரும் என்பதால், கீழ்வரிசையை ஒட்டுப்பலகையில் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில் கதவு வெளியே முழுதாக இருக்க, உள்ளே காகிதம்போல ஆகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அலுமினியத்தைக் கரையானும் தண்ணீரும் ஒன்றும் செய்யாது. இதனால்தான் மலேசிய ஈரச் சமையலறைகளில் அது இவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால் அலுமினியம் என்றதும் எல்லாம் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. தகடு மெல்லியதாக இருந்தால் கதவு சாத்தும்போது தகரக் கொட்டகைபோல ஒலிக்கும். தட்டின் நடுவே தாங்குசட்டம் இல்லாமல் மாவரைக்கும் கிரைண்டரை வைத்தால் தொய்யும். கல்லோடு சேர்த்து அது பத்துக் கிலோவைத் தாண்டும் என்பது தீபாவளிக்கு முதல்நாள் அதைத் தூக்கியவருக்குத் தெரியும். அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா பட்டால் அலுமினியம் கறுத்துவிடும். கீல் துருப்பிடித்தால் அலுமினியம் இருந்தும் பயனில்லை. கடற்காற்று வீசும் தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங் பக்கத்து வீடுகளில் 304 வகை எவர்சில்வர் கீல்தான் வேண்டும் என்று பட்டியலிலேயே எழுதி வாங்குவது நல்லது.

இப்போது அந்த நான்கங்குல மேடை. ஓடு ஒட்டுவதற்கு முன்பே அலமாரி நிற்கப்போகும் இடத்தில் கான்கிரீட்டில் ஒரு திண்ணை எழுப்பி, அதன் முகத்திலும் தரை ஓட்டையே ஒட்டிவிடுகிறார்கள். அலமாரிக்குக் காலும் இல்லை, கால்பலகையும் இல்லை. தண்ணீர் மேடையில் மோதித் திரும்பும். அலமாரிக்கு அடியில் கரப்பான் குடியிருக்க இடமும் இல்லை. தரைக்கும் அலமாரிக்கும் நடுவே நடக்கும் சண்டையை அது தீர்த்துவைக்கிறது என்றே சொல்லலாம். இன்னொரு வசதியும் உண்டு. எண்பதுக்கு ஒன்று என்ற சாய்வில் 10 அடித் தரையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஒன்றரை அங்குலம் வேறுபாடு வரும். காலில் நிற்கும் அலமாரிக்குக் கால்பலகை ஒருபக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வெட்ட வேண்டியிருக்கும், கண்ணை உறுத்தும். மேடையின் தலையை மட்டமாக வார்த்துவிட்டால் அந்தப் பேதம் ஓட்டுக்குள் ஒளிந்துவிடுகிறது.

மேடைக்கும் வினை உண்டு. 14 கிலோ எரிவாயு சிலிண்டரை அலமாரிக்குள் வைக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதை மேடைமேல் தூக்கி வைக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தங்கும். ஆகவே அந்த அறையில் அடிமட்டத்தில் காற்றுத் துளை வேண்டும். நாங்கள் சிலிண்டர் இடத்தில் மட்டும் மேடையை விட்டுவிட்டு, கதவின் கீழ்ப்பாதியைச் சல்லடையாகச் செய்யச் சொன்னோம்.

துணி துவைக்கும் இயந்திரத்தை மேற்பலகைக்குக் கீழே செருக நினைப்பவர்கள் உயரக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மேடை 100 மில்லிமீட்டர், அலமாரிப் பெட்டி 720, மேற்பலகை 20; ஆக 840. இயந்திரத்தின் உயரம் சாதாரணமாக 850. மேடையே இல்லாத இடத்தில்கூட அது நுழையாது. அலமாரி நின்ற பிறகு முன்பக்கம் மட்டும் ஓடு ஒட்டும் வீடுகளில் இதைவிட வேடிக்கை நடக்கும்: உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வெளியே இழுக்க முடியாது, முன்னால் தரை உயர்ந்து நிற்கும். எங்கள் இயந்திரம் பின்வாசலுக்கே திரும்பிப் போய்விட்டது. உயரத்தைக் கூட்டவும் வழியில்லை. மாமியாரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே மேற்பலகை நின்றால்தான் அவருக்குத் தோள் வலிக்காது. 840 அவருக்கென்றே அளந்ததுபோல் அமைந்தது.

மேற்பலகைக்கு நாங்கள் கறுப்புக் கிரானைட் எடுத்தோம். குவார்ட்ஸில் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தக் கட்டுப்பாடு ஒருநாள் தாங்காது.

மேசை, நாற்காலி, நிறம்

காட்சியறைத் தொகுப்பில் மேசை இலவசம் என்றார்கள். அலமாரியும் தரையும் மேசையும் ஒரே வெளிர் மரம். படத்தில் பார்க்கும்போது ஒத்துப்போவதுபோல இருந்தது. நேரில் நின்றபோது தேக்குப் பெட்டிக்குள் அடைபட்டது போலிருந்தது. மூன்றும் ஒன்றாக இருப்பதும் பொருத்தமாக இருப்பதும் வேறு. மரம் ஓரிடத்தில் இருந்தால் போதும். தரையிலோ, அலமாரியிலோ, மேசையிலோ. இரண்டு இடத்தில் வேண்டுமென்றால் ஒன்று அடர்த்தியாகவும் மற்றொன்று வெளிராகவும் இருக்கட்டும், ஆனால் இரண்டும் மஞ்சள் சாயல் அல்லது இரண்டும் சாம்பல் சாயல் என்று ஒரே பக்கம் நிற்க வேண்டும்.

எங்கள் கையிலிருந்த மேசை ரப்பர் மரத்தில் செய்தது. ஜொகூரின் மூவாரில் செய்து நாடெங்கும் போகும் தளவாடங்களில் பாதிக்கு மேல் ரப்பர் மரமாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. பால் வற்றிய மரத்தை வெட்டி மேசையாக்குகிறார்கள். பால்மரம் வெட்டியவரின் மகளான மாமியாருக்கு அதைத் தூக்கிப்போட மனமில்லை. அதன் தேன் நிறத்தை வைத்துக்கொண்டுதான் மற்றவற்றைத் தேடினோம்: மணல் நிறத்தில் புள்ளி தெளித்த மங்கல் ஓடு, கீழ்வரிசைக்கு அடர்சாம்பல் அலுமினியம், மேல்வரிசைக்கு வெண்ணெய் நிற ஒட்டுப்பலகை. கீழும் மேலும் வெவ்வேறு பொருள் என்பதை மறைக்க ஒரே நிறம் அடிக்கலாமா என்று கேட்டார்கள். அலுமினியத்தின் நிறமும் லேமினேட்டின் நிறமும் முழுதாக ஒத்துப்போவதில்லை. அரைகுறையாக ஒத்துப்போவதுதான் அசிங்கம். வேறு நிறம் என்று வேண்டுமென்றே பிரித்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தரைக்கு வெள்ளை வேண்டாம், தலைமுடி தெரியும். கறுப்பும் வேண்டாம், காய்ந்த நீர்த்திட்டும் தூசியும் தெரியும். புள்ளி போட்ட நடுநிறம் எல்லாப் பாவத்தையும் பொறுத்துக்கொள்ளும்.

நிறத்தைக் காட்சியறையில் முடிவு செய்யாதீர்கள். அங்கே மஞ்சள் ஒளி, ஏறக்குறைய 3000 கெல்வின். நம் சமையலறைக் குழல்விளக்கு 6500 கெல்வின் வெள்ளை. அங்கே தேனாகத் தெரிந்த பலகை இங்கே வெளுத்துப்போய்ப் பச்சையடிக்கும். ஓர் ஓடு, ஒரு பலகைத் துண்டு, ஒரு கதவு மாதிரி மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் படுக்கவைத்து, காலையிலும் இரவிலும் பார்த்தோம். இப்படிக் கொண்டுவந்த நான்கு தொகுதிகளில் மூன்று முதல் இரவே தோற்றுப்போயின.

அளவில் ஒன்றே ஒன்று முக்கியம். மேசை விளிம்புக்கும் அலமாரிக்கும் நடுவே மூன்றடி இல்லாவிட்டால், நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது கீழ்க்கதவைத் திறக்க முடியாது. ஒவ்வொரு முறையும் எழுந்து நாற்காலியை நகர்த்திச் சமாளிக்கும் வீடுகள் உண்டு, தினமும் எரிச்சல்தான்.

செந்தூல் வீடு

தம்பியின் வீடு பதினேழாவது மாடி. சமையலறையும் கூடமும் ஒரே நீளம். வடிகுழி பின்பக்கத்துச் சின்ன முற்றத்தில் மட்டும். அவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். தரையைக் கழுவ வழியுமில்லை, பழக்கமுமில்லை. கரையான் பயம் மிகக் குறைவு. வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளர் போட்டுக் கொடுத்த ஓடு உறுதியாக ஒட்டியிருந்தது. கட்டட நிர்வாகம் புதுப்பிப்பு வைப்புத்தொகை கேட்கிறது. சத்தமான வேலைக்கு நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஈரப்பகுதித் தரையை உடைத்தால் நீர்க்காப்புப் பூச்சு கிழியும், கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும் என்று எச்சரிக்கிறது.

அங்கே எனக்கு வேண்டாத முதலாவது தொகுப்புதான் சரி. பழைய ஓட்டின்மேல் ஐந்து மில்லிமீட்டர் எஸ்.பி.சி., காலில் நிற்கும் மெலமைன் அலமாரி, கழுவுதொட்டிக்குக் கீழே மட்டும் ஒட்டுப்பலகைப் பெட்டி. மேற்கு வெயில் அடிக்கும் கண்ணாடிக் கதவருகே பலகை சூடேறி மேடு தட்டாமலிருக்கத் திரை போடச் சொன்னேன். இலவச மேசையை மட்டும் வேண்டாமென்று சொல்லி, அதன் விலையைக் கழிக்கச் சொன்னான். கழித்தார்கள். இலவசமாக இருந்ததற்கு எப்படி விலை வந்தது என்று அவன் கேட்கவில்லை.

காகிதம்

அலமாரிக்கு விலை அடிக்கணக்கில் சொல்வார்கள். அந்த அடிக்குள் மேற்பலகை அடங்குமா, கீலும் இழுப்பறைத் தண்டவாளமும் எந்த வகை, மூலைக்கு ஓரடியா இரண்டடியா என்று மூன்று பட்டியலும் மூன்று விதமாகச் சொல்லும். ஒரே வரைபடத்தை மூவருக்கும் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். முதல் சுற்றில் நாங்கள் அதைச் செய்யாததால் மலிவாகத் தெரிந்த பட்டியல், கிரானைட்டைச் சேர்த்ததும் மூன்றிலும் பெரியதானது.

பின்புறம் நீட்டிக் கட்டுவதானால் மாநகர் மன்ற அனுமதி வேண்டும். பினாங்குத் தீவுக்கும் கோலாலம்பூருக்கும் அவரவர் மன்றம். பணத்தை வேலையின் கட்டங்களுக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரசீது வாங்குங்கள். தகராறு என்று வந்தால் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம். அங்கே பேசப்போவது அந்தக் காகிதங்கள்தான்.

வேலை வரிசையில் ஓட்டுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு வாரம் இடைவெளி கேட்டேன். குத்தகையாளர் சிரித்தார், காரணம் கேட்கவில்லை. ஓடு ஒட்டி, இணைப்பு இறுகிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை, வெற்றுத் தரையில் மாமியாரிடம் வாளியைக் கொடுத்தோம். இரண்டு வாளியையும் கவிழ்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் மேடையில் மோதி, திரும்பி, வடிகுழியை நோக்கி ஒழுங்காகப் போனது. குளிர்பெட்டி வைக்கப்போகும் மூலையில் மட்டும் ஒரு சோற்றுத்தட்டு அகலத்துக்குத் தேங்கி நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணாம்புக் கட்டியால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மறுநாள் வந்து மூன்று ஓட்டை எடுத்துத் திரும்ப ஒட்டிக் கொடுத்தார்கள்.